ஒரு நூல்கூட மாறாமல்

தன் மூன்றாவது மகள் கல்யாணத்தில், பந்தி நடுவே நின்றுகொண்டு மாமனார் சொன்ன வார்த்தை நாச்சிமுத்துவுக்குப் பாதிதான் நினைவிருந்தது. "என்ற மூணு மாப்பிள்ளைகளும் ஒண்ணாச் சேர்ந்து ஒரு வேலையில எறங்குனா, அந்த வேலை..." அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மீதியை அவர் காதில் வாங்கவில்லை. பெருமையாகத்தான் ஏதோ சொல்லியிருப்பார் என்று பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கையில்தான், வெள்ளக்கோவிலில் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டியபோது பிளம்பரைக் கூப்பிடாமல் சகலைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நடு மாப்பிள்ளை பொங்கியண்ணன். கடைசி மாப்பிள்ளை மாரப்பன்.

கூப்பிட்டதுதான் கொஞ்சம் லேட். இரண்டு மாதமாகச் சொட்டுச் சத்தத்தில் பொட்டுத் தூக்கமில்லாத அவர் மனைவி தெய்வானை, முந்தாநாளே பையைத் தூக்கிக்கொண்டு தாராபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்: "கொழாய் சொட்டற ஊட்ல நான் கால் வெக்க மாட்டேனுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். நாச்சிமுத்து இரண்டு நாள் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். இரண்டில் எது அதிகக் கஷ்டம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஹார்டுவேர் கடைக்காரர் போனிலேயே வழி சொன்னார். "உள்ள தண்ணிய அடைக்கற கார்ட்ரிட்ஜ் தேஞ்சிருக்குமுங்க. மாடியில டேங்குக்கு அடியில வால்வு இருக்கும், அதை நல்லா மூடிருங்க. அப்பறம் நட்டை எடது பக்கமாத் திருப்பிக் கழட்டி, பழசை எடுத்துட்டு வாங்க. அச்சு அசலா அதே மாதிரி இருக்கோணும். ஒரு நூல் மாறுனாலும் சேராது."

மாரப்பன் மாடிக்குப் போய் வால்வை மூடினான். ஈரிழைத் துண்டால் மூடினான். காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தான்.

கீழே பொங்கியண்ணன் ஸ்பேனரோடு யோசித்துக்கொண்டிருந்தார். "எடது பக்கம்னா ஆரோட எடதுங்ண்ணா? நம்முளுதா, கொழாயோடதா?"

"கழட்டப்போறது கொழாயைத்தானே சகலை. அப்ப அதோட எடதுதான்."

பொங்கியண்ணன் மேடையில் ஏறி, குழாய் பார்க்கிற திசையைப் பார்த்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கமாக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் திருகியதில் நட்டு முன்னைவிட இறுகியது.

"எடது கைப் பழக்கமுள்ள கொழாயா இருக்குமுங்க" என்றான் மாரப்பன்.

மாற்றித் திருகினார்கள். சடாரென்று கழன்றது. கழன்ற வேகத்தில் தண்ணீர் கூரை வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து மூன்று பேர் தலையிலும் விழுந்தது.

"மாரப்பா, நல்லா மூடுனியா?"

"துண்டு போட்டு மூடுனேனுங்ண்ணா."

"துண்டு எந்த மூலைக்கு? ஜமுக்காளத்தைப் போடு."

ஜமுக்காளம் போட்டும் நிற்கவில்லை. கடைசியில் கட்டில் மெத்தையையே மாடிக்குத் தூக்கிப்போய் வால்வின் மேல் சாத்தி, நாச்சிமுத்து தானே அதன்மேல் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் டேங்கு காலியாகித் தண்ணீர் நின்றது.

"மெத்தைன்னா மெத்தைதானுங்க" என்றார் பொங்கியண்ணன்.

கடையில் வேலை சுளுவாக முடிந்தது. பழசைப் பார்த்ததும் கடைக்காரர் ஒரு டப்பாவைத் துழாவிப் புதுசை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் நாச்சிமுத்துவின் முகம் மாறியது.

"இது அதே மாதிரி இல்லையே."

பார்த்தார்கள். பழசின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது; புதுசில் இல்லை. பழசில் வளைவாக ஒரு கீறல், புதுசு மழமழவென்றிருந்தது. பழசின் ரப்பர் வளையம் எலி கடித்தது போலிருந்தது.

"ஏமாத்திப்போட்டானுங்களா?" என்றான் மாரப்பன்.

"பாவம், அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டான்" என்றார் நாச்சிமுத்து. "ஒரு நூல் மாறுனாலும் சேராதுன்னு அவனேதான் சொன்னான். நாம சரி பண்ணிக்குவோம்."

பொங்கியண்ணன் உப்புத்தாள் கொண்டுவந்து தேய்த்தார். நாச்சிமுத்து கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊசியால் கீறலைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். சில்லைப் பெயர்க்க அம்மிக்குழவி உதவியது. ரப்பரைக் கடிக்கும் பொறுப்பு, பல் வரிசை நன்றாக இருந்ததால், மாரப்பனுக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டில் எது பழசு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஒன்றை மாட்டினார்கள். மெத்தையை எடுத்தார்கள். மோட்டார் போட்டு டேங்கை நிரப்பினார்கள். நாச்சிமுத்து குழாயைத் திறந்து, மூடினார்.

சொட்.

மூன்று பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

சொட்.

"அதே எடைவெளி" என்றார் பொங்கியண்ணன். "ஒரு நூல் மாறலீங்ண்ணா."

நாச்சிமுத்துவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் காலியாகக் கிடந்த அடுப்பைப் பார்த்தார்; அதற்கு மேல் ஆணியில் தொங்கிய தெய்வானையின் கைப்பிடித் துணியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொட்டுதேப்பா. அவ வரமாட்டாளே."

மாரப்பன் அவர் பக்கத்தில் குந்தினான். "அக்கா என்ன சொன்னாங்கன்னு வார்த்தை மாறாமச் சொல்லுங்ண்ணா."

"கொழாய் சொட்டற ஊட்ல கால் வெக்க மாட்டேன்னா."

"காலுங்களா?"

"கால்தான்."

"வேற ஒண்ணும் சொல்லலீங்களே? கை, தலை?"

நாச்சிமுத்து கண்ணை மூடி நன்றாக யோசித்தார். "இல்லையே. காலை மட்டுந்தான் சொன்னா."

பொங்கியண்ணன் எழுந்து நிலைவாசலை முழம் போட்டார். பிறகு நடையில் கிடந்த ஈஸி சேரை முழம் போட்டார். திரும்பி வந்து, ஆளை உட்காரவைத்துத் தூக்கிவந்தாலும் அரை முழம் மிச்சமிருக்கிறது என்றார்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேருமாகத் தாராபுரம் போவது, ஈஸி சேரையும் கையோடு கொண்டுபோவது என்று நாச்சிமுத்து முடிவு செய்தார்.