வரியும் கொடுக்கும்

அநியாயம் நடந்தது தேனீக்கு. நாள் முழுக்கப் பறந்து உழைத்தவள் உடம்பெல்லாம் வரி. உட்கார்ந்த இடத்தில் தின்றவர் உடம்பில் தேடினாலும் ஒரு வரி கிடையாது. இதற்குச் சமநீதி என்று பெயர் வேறு வைத்தார்கள்! செய்ததைக்கூட மன்னித்துவிடலாம், அந்தப் பெயரை எப்படி மன்னிப்பது?

மிருகமும் பறவையும் பூச்சியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேனீ முழு மஞ்சளாக இருந்தாள். உடம்பில் ஒரு கோடு கிடையாது. வாலில் கொடுக்கும் கிடையாது. மலையடிவாரக் காட்டுக்குக் கரடியார் ராஜா. மந்திரி ஓணான். இத்தனை பேர் இருக்க ஓணானை ஏன் மந்திரி ஆக்கினார்கள்? யார் எது சொன்னாலும் தலையாட்டுமே, அதற்குத்தான்.

ஒரு வருஷம் அடைமழை விடாமல் பெய்து, காட்டில் பாதிப்பேர் பட்டினி கிடந்தார்கள். அதனால் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். பெரிய மருதமரத்துப் பொந்து இனிமேல் பொதுப் பொந்து. விளைகிற காலத்தில் ஆளாளுக்குக் கொஞ்சம் அதில் போட வேண்டும். மழைக்காலத்தில் இல்லாதவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். நல்ல முடிவு, அதில் ஒரு குறையும் இல்லை. முதலில் இறக்கையை உயர்த்திச் சம்மதம் சொன்னவளே துடியாள் என்ற தேனீதான். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இவளைத்தான் "பொதுக்காரியத்துக்குக் கொடுக்க மனசில்லாதவள்" என்று ஏசினார்கள்.

யார் எவ்வளவு போடுவது என்று கேள்வி வந்தது. ஓணான் கல்மேல் ஏறி நின்றது.

"வாய் வைத்தால் வரி! பூவோ பழமோ, ஒரு தடவை வாய் வைத்தால் உடம்பில் ஒரு வரி கிழிப்பேன். ஒரு வரிக்கு ஒரு சொட்டு பொந்தில் விட வேண்டும். ராஜாவுக்கும் ஒரு சொட்டு, ஈக்கும் ஒரு சொட்டு. எல்லாரும் சமம்!"

காடே ஆரவாரம் செய்தது. எல்லாரும் சமம் என்றால் யாருக்குத்தான் கைதட்டத் தோன்றாது?

மறுநாளே ஓணான் கருவேல முள்ளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு கிளம்பியது. முள்ளைக் கரிச்சாந்தில் தோய்த்து நீட்டி, "கொடு! கொடு!" என்று அதட்டும். அதனால் அந்த முள்ளுக்கே கொடுக்கு என்று பேர் விழுந்துவிட்டது.

கரடியார் பலாப்பழத்தைப் பிளந்து உள்ளே முகத்தைப் புதைப்பார். கடைசிச் சுளை தீரும்வரை முகத்தை வெளியே எடுக்கவே மாட்டார். வாயை எடுத்தால்தானே மறுபடி வைத்ததாகும்? ஆக, ஒரு பழத்துக்கு ஒரு வாய், ஒரு வாய்க்கு ஒரு வரி. போகிற போக்கில் பொந்தின் ஓரத்தில் தாடையைத் துடைத்துக்கொள்வார். அந்தச் சொட்டோடு அவர் கடமை முடிந்தது.

துடியாளுக்கோ பூவுக்கு ஒரு சொட்டுத்தான் கிடைக்கும். அந்தச் சொட்டு வரிக்கே போய்விடும். எங்காவது கொழுத்த பூ அமைந்து, காலில் ஒட்டிக்கொண்டு மிஞ்சுவதுதான் கூட்டுக்கு. அவள் மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி மேல் வரியாக ஏறியது.

மேகம் கூடியது. தேனடையில் புழுப்பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஒரே ஒரு அறையில்தான் தேன் இருந்தது. மழை இறங்கிவிட்டால் பறக்க முடியாது; அந்த ஒரு அறைத் தேனும் போனால் பிள்ளைகள் பிழைக்காது. பொந்திலிருந்து எடுக்கலாமே என்கிறீர்களா? துடைத்துவிட்ட சொட்டுகளும் தேனீக்கள் விட்ட சொட்டுகளும் சேர்ந்து காடு முழுக்க எத்தனை வயிற்றை நிரப்பும்? துடியாள் நேராகச் சபைக்குப் பறந்தாள்.

"ராஜா, எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

"உனக்கு என்றைக்குத்தான் கேள்வி இல்லை?" என்றார் கரடியார். சபை சிரித்தது.

"என் மேல இத்தனை வரி இருக்கு. உங்க வரி எங்கே?"

ஓணான் குறுக்கே விழுந்தது. "இருக்கிறது, இருக்கிறது! ராஜா கறுப்பு, கரியும் கறுப்பு. அதனால் தெரியவில்லை. வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே!"

"சரி, இருக்குன்னே வைப்போம். அவர் ஒரு வாயில முழுப் பலாவைத் தின்கிறார். நான் ஒரு வாயில ஒரு சொட்டு எடுக்கிறேன். ரெண்டும் ஒரே வாயா? சொல்லுங்க மந்திரியாரே, ரெண்டும் ஒண்ணா?"

"வாய் என்றால் வாய்தான். அளவு பார்த்தால் அது பாரபட்சம்!"

"அளவு பார்க்காததுதான் பாரபட்சம்!"

முயல்கள் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை பறந்தது. ஓணான் குரலைத் தாழ்த்தியது. "இதோ பார் அம்மா, ராஜா மேல் பாரம் ஏற்றினால் அவர் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார். பிறகு நம் கதி?"

"போனா பலாப்பழம் நமக்கு மிஞ்சும்!" என்று கத்தியது ஒரு முயல். சபையில் இந்தத் தடவை வேறு மாதிரிச் சிரிப்பு.

"நன்றி கெட்டவர்களே! ராஜா தின்னும்போது தாடையிலிருந்து வழிகிறதே, அது கீழே இருக்கிற எறும்புக்குத்தானே போகிறது? மேலே நிறைந்தால் கீழே வழியும்!"

"எறும்பண்ணே, நீங்களே சொல்லுங்க," என்று திரும்பினாள் துடியாள். "எவ்வளவு வழிஞ்சுது?"

எறும்பு மீசையை நீவிக்கொண்டது. "நானும் வாயைத் திறந்துகிட்டுத்தான் நிக்கிறேன் தாயி. எல்லாம் அவர் தாடியிலயே ஒட்டிக்குது."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. துடியாள் விடவில்லை.

"கொடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. பொந்து நிறையணும், முதல் சொட்டு நானே விடுறேன். தின்ன அளவுக்கு வரி போடுங்க, அவ்வளவுதான் கேக்கிறேன். கறுப்பு மேல கரி தெரியலைன்னா சுண்ணாம்பால போடுங்க!"

"சுண்ணாம்பு! சுண்ணாம்பு!" என்று காடே அலறியது. அலறல் தன் பக்கம் திரும்பியதும் ஓணான் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டது! மந்திரி தலையாட்டினால் சட்டம். நத்தை ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு குழைத்து, கரடியார் நெஞ்சில் வளைவாக ஒரு வெள்ளை வரி இழுத்தார்கள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். தின்ற பலாவுக்கெல்லாம் சேர்த்து ஒரு குடுவை தேன் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

ஜெயித்துவிட்டோம் என்று தேனீக்கள் ஆடிக்கொண்டே கூட்டுக்குத் திரும்பினார்கள். பின்னாலேயே கிளை முறியும் சத்தம் கேட்டது. கரடியார் மரமேறி வந்துகொண்டிருந்தார். அவர் தோளில் ஓணான், ஓணான் முதுகில் முள்கட்டு.

"வரி போட்டுவிட்டாய் அல்லவா?" என்றார் கரடியார், சிரித்தபடி. "கட்ட வந்திருக்கிறேன். ராஜா தன் வரியை எதை வைத்துக் கட்டுவார்? குடிகள் கொடுப்பதை வைத்துத்தான். அந்த அறையைத் திற. தேனைக் கொட்டு!"

தந்திரத்தைப் பார்த்தீர்களா? வரி அவர் நெஞ்சில், பாரம் இவள் தலையில்! இப்படித்தான் எப்போதும் நடக்கிறது. பெரியவர் மேல் போட்ட வரி, சின்னவர் வீட்டு வாசலுக்கு நடந்து வந்துவிடுகிறது.

"பிள்ளைங்க இருக்கு ராஜா," என்றாள் துடியாள். "இது ஒண்ணுதான் மிச்சம்."

"கொட்டு என்கிறேன்!"

ஓணான் தலையாட்டியது. ஆட்டிய ஆட்டத்தில் முள்கட்டு அவிழ்ந்தது. விழுந்த முள் ஒன்றைத் துடியாள் பிடித்தாள். எந்த முள் அவள் உடம்பில் வரி கிழித்ததோ அதே கொடுக்கை வாலில் செருகிக்கொண்டு, உடம்பெல்லாம் ரோமமான அந்தக் கரடியிடம் ரோமமே இல்லாத ஒரே இடமான மூக்கு நுனியில் பாய்ந்து இறக்கினாள்.

கரடியார் போட்ட கூச்சல் அடுத்த காட்டுக்குக் கேட்டது. மந்திரி சொன்னபடியே அவர் அடுத்த காட்டுக்குத்தான் ஓடினார். தேன் அறை தப்பியது. பிள்ளைகள் பிழைத்தன. ஆனால் கொடுக்கு மூக்கிலேயே நின்றுவிட்டது. பிடுங்கிய வேகத்தில் துடியாளின் உயிரும் அதோடு போனது. விழும்போது ஒரு பதில் சொன்னாள். அவள் தங்கைகள் அழவில்லை. சிதறிய முட்களை ஆளுக்கொன்றாக எடுத்து வாலில் செருகிக்கொண்டார்கள். "வம்பு எதுக்கு" என்று ஒதுங்கி மர இடுக்கில் ஒளிந்த கொசுத்தேனீக்கு மட்டும் கொடுக்கு கிடைக்கவில்லை.

அன்று பிடித்துத்தான் தேனீக்கு உடம்பில் வரி, வாலில் கொடுக்கு. தேனடையில் கை வைக்க வருகிறவர் காதோரம் அது இன்றைக்கும் ரீங்காரமிட்டுச் சொல்வது, துடியாள் விழும்போது சொன்ன அந்தப் பதிலைத்தான்:

"கொட்டச் சொன்னீங்க ராஜா. கொட்டிட்டேன்."