புழுவோடு நின்ற தையல்சிட்டு

மலையடிவார மடத்தில் சேர்வதற்கு முன் தணிகாசலம் சோதனைச் சாவடியில் காலமெல்லாம் லாரிகளைக் குடைந்தவர். காவி கட்டினால் கண் மாறிவிடுமா என்ன? போக்கிடம் இல்லாமல் மடத்துக்கு வந்த பிச்சாண்டியைப் பார்த்த மாத்திரத்தில், ஆள் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து பந்தியில் அவனுக்கு நேர் எதிரேதான் தட்டோடு உட்கார்ந்தார்.

ஒருநாள் காலையில் குருவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். குரு அவரைவிட வயதில் சிறியவர்.

“முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கிறான், சாமி. சோறு போட்டதும் தட்டைத் தூக்கிட்டு எங்கயோ போயிடுறான். எதையோ மறைக்கிறான். அனுப்பிடுங்க.”

“சரி, சாயங்காலம் அனுப்பிடலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை. கிணத்தடி அத்திக்கன்னுல ஒரு சிட்டு கத்துது. அது என்ன பறவை, அதோட குணம் என்னன்னு பாத்துட்டு வாங்க, ஐயா.”

தணிகாசலம் அத்திக்கன்றை ஒட்டிப் போய், இடுப்பில் கை வைத்து நின்றார். கட்டைவிரல் அளவுதான் பறவை. பச்சை முதுகு, செம்பட்டை நெற்றி, நிமிர்ந்த வால். பெயர் உடனே தெரிந்துவிட்டது. அதன் நடத்தைதான் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வெயில் ஏறியதும் திரும்பி வந்தார்.

“தையல்சிட்டு, சாமி. ஆனா திருட்டு முழி. வாயில புழு இருக்கு, திங்க மாட்டேங்குது. கூட்டுக்கும் போகல. கிளைக்குக் கிளை தாவிக்கிட்டு, என்னைப் பாத்துப் பாத்துக் கத்துது. அப்படியே பிச்சாண்டிதான்.”

குரு எழுந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால் உட்கார வைத்தார். இருவரும் சுவரின் இடுக்கு வழியாக அத்திக்கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தல் அடங்கியது. சிட்டு அங்கும் இங்கும் திரும்பிப் பார்த்தது. பிறகு, இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த பைக்குள் தலையை நுழைத்தது. உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன. தணிகாசலம் நின்றிருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் கூடு அது.

அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“அப்ப, நான் நின்னுக்கிட்டிருந்த நேரமெல்லாம் குஞ்சுங்க பட்டினியா, சாமி?”

பந்திக்கு மணி அடித்தது. கொட்டகையைத் தாண்டி, குனிந்த தலையோடு பிச்சாண்டி போனான்.

குரு எழுந்து வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார்.

“இன்னிக்கு எங்க உக்காரப் போறீங்க, ஐயா?”