குன்றுக்கு ஒரு தலைப்பாகை

முன்னொரு காலத்தில், மேகம் வழி தவறி வந்தால்தான் மழை என்றிருந்த வெண்பாறை நாட்டை உதயசேனன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் அல்லன். கடைசியாகப் பேசியவர் சொன்னதையே தன் கருத்தாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் இருந்தது. அவன் அவையில் ஒரு வழக்கமும் உண்டு: பதவி உயர உயரத் தலைப்பாகையும் பெரிதாக வேண்டும். அரண்மனை அதிகாரி சிங்கராயர் தலையில் சுற்றியிருந்த துணியைக் கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிடலாம். அமைச்சர் மருதவாணர் மட்டும் வெறுந்தலையோடு வருவார். அவருடைய வழுக்கையில் எந்தத் துணியும் நிற்பதில்லை என்று அரசனே விலக்கு அளித்திருந்தான். சிங்கராயருக்கு அந்த விலக்கு தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவ்வாண்டும் வானம் ஏமாற்றியது. ஒருநாள் கொட்டித் தீர்த்ததோடு சரி. அரசன் பெயரால் சிங்கராயர் வெட்டுவித்த பேரேரியில் சேறுதான் மிஞ்சியது. ஏன் என்று கேள்வி வருமுன் அவர் முந்திக்கொண்டார்.

"மன்னவா, உங்கள் தண்ணீரைத் திருடிவிட்டார்கள்."

"என் தண்ணீரையா? யார்?"

"குன்றின் மேலே சுக்காம்பாறைக்காரர்கள். சரிவெல்லாம் குறுக்கே கல்வரப்பு போட்டு மழையை மறித்துவிட்டார்கள். உங்களைக் கேட்கவும் இல்லை."

கேட்காமல் செய்தது உண்மைதான். வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே கூடி, உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரப்பு கட்டிக்கொண்டு வந்தார்கள். குன்றில் ஆடு விடுவதில்லை என்றும் தங்களுக்குள் பேசி நிறுத்தினார்கள். நல்ல நிலமெல்லாம் அடிவாரத்தில். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் கடைசிவரை காத்திருக்க ஒப்பவில்லை. கல் சுமந்த நாள்களைவிட, யார் நிலத்துக்கு முதலில் என்று சண்டையிட்ட நாள்களே அதிகம். கடைசியில், மேட்டில் ஓடுகிற தண்ணீரை நடக்க வைத்தால்தான் கீழே மண் தங்கும் என்பதை அடிவாரத்தாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"வரப்புகளை உடையுங்கள். ஊரைக் காலி செய்து மான் விடுங்கள். வேட்டைக்காவது ஆகட்டும்" என்றான் அரசன்.

அந்த மக்களை மருதவாணர் அறிவார். ஒருமுறை உடைத்துவிட்டால் மறுபடி கட்ட அவர்களுக்கு உடம்பும் இல்லை, மனமும் இருக்காது.

"உடைக்கலாம், அரசே. திருட்டு என்றால் விசாரணை வேண்டாமா?"

மறுநாள் ஊரார் சார்பில் காத்தாயி என்பவள் வந்து நின்றாள். சிங்கராயர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரசர் ஏரிக்கு வர வேண்டிய மழையை நீங்கள் எப்படித் தடுக்கலாம்?"

"மழை மேலேயிருந்து வருதுங்க ஐயா. உங்க ஏரியிலேர்ந்து எங்க மேட்டுக்கு ஏறி வரலை."

அவையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வாதம் வேண்டாம்" என்றார் மருதவாணர். "இரண்டு குடம் தண்ணீர் போதும். ஒன்று என் தலையில், ஒன்று சிங்கராயர் தலையில். என்னுடையது மொட்டைக் குன்று. அவருடையது வரப்பு கட்டிய குன்று. அரசரே பார்த்துச் சொல்லட்டும்."

சிங்கராயர் எழப் பார்த்தார். "இந்த வெயிலுக்கு நல்லதுதானே, உட்காரும்" என்றான் அரசன். அவனுக்கு வேடிக்கை என்றால் உயிர்.

அமைச்சரின் வழுக்கையில் ஊற்றிய தண்ணீர் நெற்றி விபூதியைக் கரைத்து, தோளில் பூசிய சந்தனத்தை வழித்து, அரசனின் பட்டுக் கம்பளத்தை நனைத்து, வடிகால் வழியே வெளியேறியது. அவர் தலை அப்போதே காய்ந்துவிட்டது. சிங்கராயர் தலையில் ஊற்றியதில் பாதிகூடக் கீழே வரவில்லை. வழக்கம்போல அவை நடந்தது. உச்சிவேளை தாண்டியும் தலைப்பாகை ஓரத்திலிருந்து தெளிந்த நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மருதவாணர் அதன் கீழே ஒரு கிண்ணத்தை வைத்தார்.

"அரசே, என் தலையில் விழுந்தது எங்கே?"

"என் கம்பளத்தில். சேறாக."

"வரப்பு இன்னும் எட்டாத சரிவுகளிலிருந்து உங்கள் ஏரிக்கும் அதுதான் வந்தது. இந்தக் கிண்ணத்தில் இருப்பதை இந்த நேரத்துக்கு யார் தந்தது?"

அரசன் கிண்ணத்தையும், நனைந்த கோழிபோல் குறுகியிருந்த சிங்கராயரையும் மாறி மாறிப் பார்த்தான். "திருடன்தான் எனக்குத் தண்ணீர் தருகிறான் என்கிறீர்."

பொய்க் குற்றம் சாட்டியதற்காகச் சிங்கராயர் தலைப்பாகையை இழந்தார். அதே துணியில் சும்மாடு சுற்றிக்கொண்டு சுக்காம்பாறையில் கல் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அரசன் அத்தோடு நிற்கவில்லை. "என் படையை அனுப்புகிறேன். ஒரே மாதத்தில் முடித்து, என் பெயரைக் கல்லில் வெட்டட்டும்."

"வேண்டாம், அரசே. படை கட்டினால் அது உங்கள் வரப்பு. உடைந்தால் படை வரட்டும் என்று காத்திருப்பார்கள். அவர்கள் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் இருங்கள். அதுவே பெரிய மானியம்."

அடுத்த பருவத்தில் சுமாரான மழை பெய்தது. கோடையிலும் சுக்காம்பாறைக் கிணறுகளில் வாளி நனைந்தது. தன் நற்பெயரைக் காண அரசன் அமைச்சரோடு ஆரவாரமாகப் போனான். தெருவில் வரவேற்க ஆள் அதிகமில்லை. பல வீடுகளில் ஆளில்லாமல் கதவில் முள்படல் சாத்தியிருந்தது. கிணற்றடியில் காத்தாயி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அரசன் குடித்தான், இனிப்பாகவே இருந்தது.

"இந்த வீட்டுக்காரர்களெல்லாம் எங்கே?"

"பேரேரி வெட்ட ஆள் பிடிச்ச வருசம் போனவங்க, மகாராசா. விதைக்கிற நேரத்துல கையெல்லாம் உங்க ஏரியில இருந்துச்சு. வெளைச்சல் இல்லை. பிழைக்கப் போயிட்டாங்க."

"இப்போதுதான் தண்ணீர் இருக்கிறதே. சொல்லி அனுப்பு, வரட்டும்."

"எந்தத் திக்குன்னு தெரிஞ்சா அனுப்பலாம்."

அரசன் மருதவாணர் பக்கம் திரும்பினான், ஏதாவது சொல்லுவார் என்று. எப்போதும் அவர் நாக்கில் ஒன்று தயாராக இருக்கும். அன்று அவர் வாளியை வாங்கிக் கிணற்றில் இறக்கி, தனக்குத் தாகம் இல்லாதபோதும், மெதுவாக இறைத்துக்கொண்டிருந்தார்.