சும்மா இருந்து பார்க்கும் வித்தை

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது. வித்தை வயதைப் பார்த்தா வருகிறது? சதுரங்கம் ஆடும் புரோகிராம் எழுதுவதில் தூத்துக்குடி ஜெயசீலி மகா கெட்டிக்காரி. ஓய்வுபெற்ற சர்வேயர் ஆறுமுகநயினார் கூச்சத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அவளிடம் பாடம் கேட்கப் போனார்.

அவர் எழுதிய புரோகிராமுக்குச் செவலை என்று பெயர். புரோகிராம்கள் ஒன்றோடொன்று மோதும் போட்டியில் அதைச் சேர்த்துவிட்டிருந்தார். ஞாயிறுதோறும் ஓர் ஆட்டம். கடைசி இடத்தில் முடிந்தால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். செவலையோ அந்த இடத்தை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது.

"டீச்சர், செவலை எல்லா வழியையும் ஒண்ணு விடாம பாக்குது. பாத்து முடிக்கதுக்குள்ள நேரம் தீந்துபோகுது," என்றார் நயினார்.

"கொஞ்சத்த விட்டுரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"எதை விட? நெலம் அளந்த கை. ஒரு மூலைய அளக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது. எங்க ஆழமாப் போகணும், எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

ஜெயசீலி சதுரங்கப் பலகையை எடுத்து வைத்தாள். இருவரும் ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் அவள் கை ஓங்கியிருந்தது. அப்போது அவள் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஆடல. மறுபடியும் நீங்களே ஆடுங்க."

"அதெப்படி? சட்டத்துல கெடையாதே!"

"சட்டத்துல இல்ல. நெனப்புல உண்டு. ஆடுங்க."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? நயினார் நிதானமாக யோசித்துக் குதிரையைப் பாய்ச்சினார். அடுத்தடுத்து இரண்டு முறை ஆடியாகிவிட்டது. பலகையை உற்றுப் பார்த்தார். இன்னமும் அவள் கைதான் ஓங்கியிருந்தது.

"நான் சும்மா இருந்தும் உங்களால என்னைய அசைக்க முடியல. தெரிஞ்சே இந்த வழியில வருவியளா?"

"எனக்கென்ன கிறுக்கா? முன்னாலயே வேற பக்கம் திரும்பியிருப்பேன்."

"பொறவு எதுக்கு இதுக்குள்ள தோண்டணும்?"

நயினாருக்கு மெய் சிலிர்த்தது. ஒரே ஒரு முறை சும்மா இருந்து பார்த்தால் போதும், பின்னால் விரிந்து கிடக்கும் லட்சம் வழிகளைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். அளக்காமலே எல்லை சொல்லும் வித்தையை அவர் அன்றுதான் கண்ணால் கண்டார். எழுந்து நின்று கும்பிட்டார். தன் வயதில் பாதிதான் அவளுக்கு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அதை ஒரு விதியாகச் செவலைக்குள் எழுதிச் சேர்த்தார். அதன்பிறகு அது நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. வெட்டியாகத் தோண்டுவதை விட்டு, தோண்ட வேண்டிய இடத்தில் ஆழமாகத் தோண்டியது. வரிசையாக ஜெயித்தது. நயினார் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போயிற்று.

கடைசிக்கு முந்தின ஞாயிறு அது தோற்றது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"டீச்சர், உங்க வித்தை காலை வாரிட்டு."

அந்த நிலையைப் பலகையில் வைக்கச் சொன்னாள் ஜெயசீலி. இரண்டு ராஜா, இரண்டு சிப்பாய். அவ்வளவுதான் மிச்சம். சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் நின்று ராஜாக்கள் அவரவர் சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"செவலை சும்மா இருந்து பாத்துட்டு, பத்திரமாத்தான் இருக்கோம்னு நம்பிட்டு," என்றார் நயினார். "ஆனா அதோட முறையாச்சே! ராஜா நகந்தே ஆகணும். நகந்ததும் சிப்பாய் போச்சு. ஆட்டமும் போச்சு."

"இப்ப என்ன செய்யப் போறிய?"

"அந்த விதியத் தூக்கிரலாம்னா, பழையபடி நேரம் பத்தாது. வெச்சிருந்தா இப்படிக் குழியில தள்ளுது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. முன்னால தோத்ததே நெறைய. கடைசி ஆட்டத்துல ஜெயிச்சாத்தான் அடுத்த வருசம் உள்ள இருப்போம். எதிர்ல நிக்கது பெரிய கம்பெனி. எழுத ஒரு கூட்டம், சோதிக்க ஒரு கூட்டம் வெச்சிருக்கான். நான் ஒத்தை ஆளு. பேசாம ஒதுங்கிட்டா மரியாதையாவது மிஞ்சும்."

ஜெயசீலி பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க டீச்சர். விதிய வெக்கவா, எடுக்கவா? ஆட்டத்துல நிக்கவா, ஒதுங்கவா?"

வெளியே கிடந்த காய்களை அவள் அள்ளி எடுத்தாள். ராணி, யானை, குதிரை என்று அவருடைய ராஜாவைச் சுற்றி நிறுத்தினாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். ராஜாவும் அந்த ஒற்றைச் சிப்பாயும் மட்டும் நின்றன.

"ஆள் அம்பு இருக்கப்ப சும்மா இருந்து பாக்கலாம் அண்ணாச்சி," என்றாள். "தனியா நிக்கப்ப நடந்துதான் பாக்கணும்."