எண்ணெய் தேய்க்கும் நேரம்

தாணுலிங்கம் சீடனாகப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு இசக்கியம்மாளுக்கு நாற்பத்து மூன்று. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்றார் தாணுலிங்கம். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அவருடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டுக்குள் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தாணு தைலம் என்றால் தெரியாதவர்கள் குறைவு. கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், வெட்டிவேர் எல்லாம் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சி இறக்குவார். குப்பியின் மேல் ‘நாற்பத்தெட்டு நாளில் முடி முளைக்கும், இது சத்தியம்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். அவர் பொய்யர் இல்லை. பொய்யராக இருந்திருந்தால் இந்தக் கதையில் இவ்வளவு துக்கம் இருந்திருக்காது. அச்சடித்ததை அவர் முழுசாக நம்பினார்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அவர் மனைவி பகவதிக்குப் பிள்ளை பெற்ற நாலாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. சீப்பைப் பார்த்து அவள் அழுதாள். இவர் யார் யாரிடமோ கேட்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். அடுத்த ஆடிக்குள் பழைய பின்னல் திரும்பிவிட்டது. பகவதி அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். அவள் சொல்லில் தொடங்கிய வியாபாரம்தான் தாணு தைலம்.

பிறகு பகவதி இறந்துபோனாள். அம்மா போன மறுவருஷம், பதினேழு வயது மகள் மரகதத்தின் தலையில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. வருஷம் திரும்புவதற்குள் தலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. புருவமும் போய்விட்டது.

தாணுலிங்கம் பயப்படவில்லை. ஊருக்கே முளைக்க வைத்த எண்ணெய் வீட்டில் இருக்கும்போது எதற்குப் பயம்? தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மரகதம் பலகையைப் போட்டு உட்காருவாள். இவர் பின்னால் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பார். ஒரு மண்டலம் போனது. இன்னொரு மண்டலம் என்றார். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

பத்தொன்பது வயதில் அவள் ஒரு விக் கேட்டாள். சொந்த முடி வரப்போகிற நேரத்தில் இரவல் முடி எதற்கு என்று இவர் மறுத்துவிட்டார். துணியைக் கட்டிக்கொண்டே கல்லூரிக்குப் போய் பி.எட். வரை படித்தாள். இரண்டு பள்ளிக்கூடங்கள் வேலைக்குக் கூப்பிட்டன. இரண்டு தடவையும் இவர், ‘கொஞ்சம் பொறு, தலை நிறைய முடியோட போ’ என்றார். அவளும் சரியென்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். என்ன சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று இவருக்குப் பெருமை வேறு.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று தெருவில் காதுபடச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவர் இசக்கியம்மாளிடம் போனார். அந்த அம்மாள் பட்டம் படித்த சித்த வைத்தியர். அதிகம் பேசமாட்டார்.

“எண்ணெய்ல ஏதோ ஒரு மூலிகை குறையுதும்மா. ஊருக்கெல்லாம் முளைக்குது, எம் பிள்ளைக்கு மட்டும் முளைக்கல. அது எந்த மூலிகைன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு என்னைச் சீடனா வச்சுக்கிடுங்க.”

“யாருக்கெல்லாம் முளைச்சுது, அண்ணாச்சி?”

தாணுலிங்கம் பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து வைத்தார். முளைத்தவர்கள் நன்றி சொல்லி எழுதியவை. இசக்கியம்மாள் ஒன்று விடாமல் படித்தார். படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

“இவங்கள நேர்ல போய்ப் பாருங்க. முடி கொட்டுறதுக்கு மூணு மாசம் முந்தி என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம்.”

அவர் பஸ் ஏறி, பதினோரு பேரைப் பார்த்துவிட்டு வந்தார். நாலு பேருக்கு டைபாய்டு. மூன்று பேருக்குப் பிரசவம். ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன். மற்றவர்களுக்கு வேறு வேறு காய்ச்சல். திரும்பி வரும்போது கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் அவருக்குப் பகவதியின் நினைப்பு வந்தது. அவளிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. பதில் இவருக்கே தெரியும். பன்னிரண்டாவதாக அவளைச் சேர்க்க மனசு வராமல், பதினோரு பேரின் கதையை மட்டும் குருவிடம் ஒப்பித்தார்.

“காய்ச்சல்ல கொட்டுனது காய்ச்சல் போனதும் தானா முளைக்கும்” என்றார் இசக்கியம்மாள். “பிரசவமும் அப்படித்தான். உடம்பு தேறினா முடியும் தேறும்.”

தாணுலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று காக்கையிடமே சொன்னால் அது கேட்குமா? கொண்டுபோனது காய்ச்சல்தான், கொண்டுவந்தது எண்ணெய் என்று அவர் வாதாடினார். குரு பதிலுக்கு வாதாடவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். தை மாதம் பீடி சுற்றும் பெண்கள் மூன்று பேர் தலைமுடி கையோடு வருகிறது என்று வைத்தியசாலைக்கு வந்தார்கள். இசக்கியம்மாள் அவர்களிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்கினார். நேர் வகிடு எடுத்து, வலது பக்கம் தாணு தைலம் தேய்க்க வேண்டும். இடது பக்கம் ஒன்றும் கிடையாது. தேய்க்கும் வேலை தாணுலிங்கத்துக்கே.

அவர் ஆசை ஆசையாகத் தேய்த்தார். எண்ணெய் வழிந்து இடது பக்கம் போய்விடாமல் துணி வைத்துக் கட்டினார். வலது பக்கத்துக்காகச் சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அந்தப் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டாலும் ஒரு நாள் தவறாமல் வந்தார்கள்.

வைகாசியில் குரு அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தலை முழுகி வந்த முதல் பெண்ணை எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியாதபடி உட்காரவைத்து, அவள் தலையில் இரண்டு கையையும் வைக்கச் சொன்னார். இரண்டு உள்ளங்கையிலும் புது முடி குத்தியது. எந்தக் கைக்கு அடியில் எண்ணெய் தேய்த்த பக்கம் என்று கேட்டார் குரு. தாணுலிங்கத்தால் சொல்ல ஏலவில்லை. இரண்டாவது தலையிலும் அப்படித்தான். மூன்றாவது தலையை அவர் தொடவில்லை.

பெண்கள் போன பிறகு எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அப்ப எந்த மூலிகைம்மா குறையுது?”

“எதுவும் குறையல, அண்ணாச்சி.”

அவருக்குப் புரிந்தது. புரிந்தது அப்படியே நெஞ்சில் இறங்கியது. இத்தனை வருஷம் வழியைத் தேடினோம் என்று நினைத்தவருக்கு, வழி என்று ஒன்று இருக்கவே இல்லை என்று தெரியவரும்போது எப்படி இருக்கும்? அவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இசக்கியம்மாள் மெதுவாகச் சொன்னார். “மரகதத்துக்கு வந்திருக்கிறது வேற. உடம்பே தன் முடியைப் பகையாளின்னு நினைச்சிருது. சிலருக்குத் தானா வரும். சிலருக்குப் பெரியாஸ்பத்திரி மருந்து கேக்கும், சிலருக்கு அதுவும் கேக்காது. நாள் குறிச்சுச் சத்தியம் பண்ண யாராலயும் ஏலாது.”

அந்த வாரம்தான் மரகதத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டு மூன்றாவது கடிதம் வந்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடம். விடுதியிலேயே தங்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை வந்து சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதற்கும் இவர், இன்னும் ஒரே ஒரு மண்டலம் என்று சொல்லியிருந்தார்.

“அவகிட்ட நான் என்னன்னு சொல்ல? அந்த நம்பிக்கையிலதான் உயிரைப் பிடிச்சுட்டு இருக்கா. அதையும் பிடுங்கிரவா?”

இசக்கியம்மாள் யோசித்தார்.

“இன்னைக்குச் சாயங்காலம் எண்ணெயைத் தொடாதீங்க. யாரு தேடுதாங்கன்னு மட்டும் பாருங்க.”

தாணுலிங்கம் வீட்டுக்குப் போனார். ஐந்து மணிக்கு மரகதம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தரை ஆனது. அவள் பக்கத்தைத் திருப்பினாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குப்பி இருக்கும் அலமாரியைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது இவர்தான். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்தார். எடுத்தார். எழுந்து அலமாரி வரை போய், கதவைத் திறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே முழங்காலைத் தேய்த்தன.

ஐந்தே முக்காலுக்கு அவள் தற்செயலாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். உடனே புத்தகத்தை மூடினாள். பலகையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்தாள்.

“வாங்கப்பா, தேய்ங்க.”

அப்போது அவர் உடைந்துபோனார். அந்த எண்ணெயில் ஒன்றுமே இல்லை என்றும், இத்தனை வருஷம் தானும் ஏமாந்து அவளையும் ஏமாற்றிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியும்ப்பா” என்றாள்.

“என்னத்த தெரியும்?”

“முளைக்காதுன்னு. நாலு வருசமாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா உக்காந்த? தெரிஞ்சுமா வேலைக்குப் போகாம இருந்த?”

அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் போயிட்டா, சாயங்காலம் நீங்க யாருக்குத் தேய்ப்பீங்க?”

தன் மகளைத் தானே பலகையில் கட்டிவைத்திருந்ததும், கட்டுண்டவள் தனக்காகத்தான் அவிழ்த்துக்கொள்ளாமல் இருந்தாள் என்பதும் ஒரே நேரத்தில் அவருக்கு விளங்கின. அவர் அவள் தலையில் வெறுங்கையை வைத்தார். தலை வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் எண்ணெய் இல்லாமல் அதை அவர் தொட்டது அன்றைக்குத்தான்.

“திங்கக்கிழமை போ, தாயி” என்றார்.

மறுநாள் காலையில் கடை வாசலில் தொங்கிய விளம்பரப் பலகையைக் கழற்றி உள்ளே சாய்த்துவிட்டு வைத்தியசாலைக்கு வந்தார். குரு கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். தாணுலிங்கம் நடந்ததை எல்லாம் சொன்னார். குழவி நிற்கவில்லை.

“ஒம்பது வருசம்மா. அதுல ஒரு வருசத்தையாவது அவளுக்குத் திருப்பிக் குடுக்க வழி இருக்கா?”

“இல்ல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, கேட்கவே வெட்கப்பட்டவர் போலக் கேட்டார்.

“பெட்டி கட்ட ஆரம்பிச்சிட்டா. அவ போனப்புறம் தினமும் சாயங்காலம்னு ஒண்ணு வரும்லா. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

இசக்கியம்மாள் குழவியை நிறுத்தினார்.

“ஒண்ணும் செய்ய ஏலாது, அண்ணாச்சி. வலிக்கத்தான் செய்யும். ஆனா பஸ் ஏத்திவிடும்போது அதை முகத்துல காட்டிராதீங்க. அவ நாலு வருசம் காட்டல.”