மேலாளர் பெயரில் போன ஒப்பந்தம்

தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் ஒப்பந்தத்தை ஆலையின் இணையதளத்தில் போடும்படி தொழிலாளர் அதிகாரி உத்தரவிட்டதும், நூற்பாலை மேலாளர் வரதராஜுலு அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக ஊழியர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"டவுன்லோடு பட்டன் வெச்சே, உன் வேலை போச்சு! தளத்துல இருந்து எது போனாலும் என் பேர்லதான் போகணும்."

"ஆகட்டுங்க."

செங்கமலம் தளத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி மட்டும் வைத்தாள். அதில் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், அவள் சர்வரில் எழுதிய நிரல் ஒப்பந்தத்தை அனுப்பிவிடும். முந்நூறு தொழிலாளர்களும் தங்களுக்கே அனுப்பிக்கொண்டார்கள்.

தொழிலாளர் அதிகாரியின் விசாரணைக்கு முன்பே மேலாளர் அந்தப் பக்கத்தை அழிக்கவைத்தார். விசாரணைக்குப் போய், "எல்லாம் கள்ளப் பிரதி! நாங்க யாருக்கும் கொடுக்கலை!" என்று கர்ஜித்தார்.

அதிகாரி ஒரு தொழிலாளியின் கைபேசியைப் பார்த்தார். "அனுப்பியவர் வரதராஜுலு, மேலாளர்னு இருக்கே?"

மேலாளர் செங்கமலத்தை முறைத்தார்.

"பட்டன் வைக்கலீங்க. உங்க பேரையும் விடலீங்க."

ஒப்பந்தம் செல்லும் என்று அதிகாரி உத்தரவிட, மறுநாள் முந்நூறு நிரந்தரத் தொழிலாளர்கள் ஆலைக்குள் நுழைந்தார்கள். முன்னால் தலைநிமிர்ந்து நடந்தவள், அதே ஒப்பந்தத்தால் நிரந்தரமான முந்நூற்றொன்றாவது ஆளான செங்கமலம்.