கொக்குகள் கூடிய குளம்

கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு குளத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. அங்கே வாழ்ந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது அந்தக் குளத்தின் சட்டம்.

சட்டம் போட்டவர் முகில்வாணர் என்ற தவளை. தவளை வேறு, தேரை வேறு. அவரைத் தேரை என்று யாராவது சொல்லிவிட்டால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆகவே நாமும் கவனமாக இருப்போம்.

தினமும் விடிந்ததும் முகில்வாணர் குளத்தின் நடுவில் இருந்த கல்லில் ஏறி உட்காருவார். மற்றவர்கள் சுற்றிக் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். கெட்ட செய்தி சொல்கிறவர் கூட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். இந்த வழக்கத்துக்கு 'நல்வாக்கு' என்று பெயர்.

"இன்று தண்ணீர் எவ்வளவு இதமாகச் சுடுகிறது!" என்றது ஒரு கெண்டை.

"அல்லித் தண்டுகள் நெட்டையாகிவிட்டன! இப்போதெல்லாம் பாதித் தண்டு வெளியே தெரிகிறது!" என்றது இன்னொரு கெண்டை.

"அதை விடுங்கள், இந்தக் கல்லைப் பாருங்கள்!" என்றார் முகில்வாணர். "தை மாதத்தில் என் உயரம்தான் இருந்தது. இப்போது ஐந்து மடங்கு! கல் வளர்கிறது!"

கல் வளராது. ஆனால் அதைச் சொன்னால் கெட்ட செய்தி ஆகிவிடுமே! எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசியாக ஓட்டப்பர் என்ற ஆமை கழுத்தை நீட்டுவார். அந்தக் குளத்தில் மூத்தவர் அவர்தான். "எட்டுக் கோடை கண்டவன் நான். இந்தக் குளம் ஒருமுறைகூட வற்றி நான் பார்த்ததில்லை!" என்பார். அத்துடன் கூட்டம் கலையும். அதற்குமேல் ஒரு நல்வாக்கு வேண்டுமா என்ன?

இதையெல்லாம் தவறாமல் கேட்க வருகிறவள் தங்காயி என்ற விரால் மீன். அந்தக் கோடையில்தான் அவள் முதல்முறை தாயாகியிருந்தாள். விரால் குஞ்சுகள் செந்நிறமாக இருக்கும். பந்துபோல் ஒன்றாகத் திரண்டு தாயின் தலைக்கு மேலேயே நீந்தும். தண்ணீர் ஆழமாக இருந்தபோது அது அழகாக இருந்தது. இப்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் அந்தச் சிவப்புப் பந்து மேலே இருந்து பார்க்கிற யாருக்கும் பளிச்சென்று தெரிந்தது.

முந்நூறு குஞ்சுகள் இருந்தன. இருநூறு ஆயின. தங்காயி காலையில் கேட்ட நல்வாக்கு உச்சிவெயில் வரைக்கும்தான் தாங்கும். அதன்பிறகு அவளுக்குள் ஏதோ நடுங்க ஆரம்பிக்கும். மறுநாள் காலை மறுபடியும் கல்லடிக்கு ஓடுவாள்.

ஒருநாள் வளையம்மா என்ற நண்டின் முறை வந்தது. அவள் வயிற்று மடிப்புக்குள் மிளகளவு குஞ்சுகள் நிறைந்திருந்தன.

"சொல்லு வளையம்மா, உன் நல்வாக்கு என்ன?" என்று கேட்டார் முகில்வாணர்.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள் வளையம்மா.

ஒரு கெண்டை தன் குஞ்சைத் தள்ளிக்கொண்டு தூரப் போனது.

"என்ன பேச்சு இது!" என்று முகில்வாணர் தொண்டையை உப்பினார். "நம்பிக்கை இல்லாதவளுக்கு இங்கே இடமில்லை. போ!"

வளையம்மா பக்கவாட்டில் நடந்து போய்விட்டாள். கரையோரத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஒரு மருதமர வேர் இருந்தது. அதற்கு அடியில் வளை தோண்ட ஆரம்பித்தாள். உருண்டை உருண்டையாக மண்ணை மேலே கொண்டுவந்து அடுக்கினாள்.

"பார்த்தீர்களா? தனக்குத் தானே குழி வெட்டுகிறாள்!" என்று கெண்டைகள் சிரித்தன.

பிறகு கொக்குகள் வந்தன.

முதலில் ஒன்று. இரண்டு நாள் கழித்து ஐந்து. வார முடிவில் இருபதுக்கு மேல். கரை முழுவதும் வெள்ளையாக, அசையாமல் நின்றன. தண்ணீர் குறையக் குறைய அவை ஓரடி ஓரடியாக உள்ளே வந்தன.

அன்றைய கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. என்ன நல்வாக்கு சொல்ல முடியும்?

முகில்வாணர்தான் திறந்தார். "ஏன் இந்த மௌனம்? யோசித்துப் பாருங்கள். பஞ்சம் பிடித்த வீட்டுக்கு விருந்தாளி வருவாரா? போன மாதம் ஒரு கொக்காவது வந்ததா? இப்போது இருபத்திரண்டு! நம் குளம் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

"அட, ஆமாம்!" என்றது ஒரு கெண்டை.

"ஆமாம்! ஆமாம்!" என்றன மற்றவை. கொக்குகள்கூடத் தலையசைத்தன.

தங்காயியும் "ஆமாம்" என்றுதான் சொன்னாள். ஆனால் திரும்பி வரும் வழியில் அவள் தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. பன்னிரண்டு குஞ்சுகள் போய்விட்டன.

மறுநாள் விடியற்காலையில் அவள் சீக்கிரமே எழுந்து கல்லுக்குப் போனாள். வழியில் ஓட்டப்பர் சேற்றைத் தாண்டிக் கரையேறிக்கொண்டிருந்தார்.

"எங்கே பெரியப்பா, இந்த நேரத்தில்?"

"ஆற்றுக்குத்தான் தங்காயி. சித்திரை பிறந்தால் ஆற்று மடுவுக்குப் போய்விடுவேன். முதல் மழைக்குத் திரும்பி வருவேன். வருஷா வருஷம் போகிறதுதான்."

"அப்படியென்றால்... கோடை முழுக்க நீங்கள் இங்கே இருப்பதில்லையா? இந்தக் குளம் வற்றியதே இல்லை என்று சொன்னீர்களே!"

"வற்றி நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஒரு வார்த்தை பொய் இல்லை!" ஓட்டப்பர் சற்றுக் கோபமாகவே சொல்லிவிட்டு மெதுவாகக் காட்டுக்குள் மறைந்தார்.

தங்காயி கல்லடிக்குப் போகவில்லை. நேராக மருதமர வேருக்குப் போனாள்.

"அக்கா! வளையம்மா அக்கா! உங்களுக்குப் பயம் போய்விட்டதா?"

உள்ளே இருந்து மண்ணோடு வளையம்மா வந்தாள். "எங்கே போகும்? அப்படியேதான் இருக்கிறது."

"பிறகு எப்படித் தினமும் தோண்டுகிறீர்கள்? எந்த நம்பிக்கையில்?"

வளையம்மா தன் கொடுக்கை நீட்டினாள். "முந்தாநாள் கொண்டுவந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நேற்று உருண்டை பிடித்தது. இன்றைக்குப் பார், கொடுக்கில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்கிறது. கீழே தண்ணீர் இருக்கிறது, தங்காயி. என்னிடம் இருக்கிற நம்பிக்கை இவ்வளவுதான். ஒரு கொடுக்கு அளவு."

தங்காயி அந்த ஈர மண்ணையே பார்த்தாள். "எனக்குக் கொடுக்கு இல்லையே" என்றாள்.

"வால் இருக்கிறதே! நான் தோண்டுகிறேன், நீ சேற்றை அடித்துத் தள்ளு. வளை பெரிதானால் உனக்கும் இடம் இருக்கும்."

தங்காயி தயங்கினாள். "அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் மீன் குஞ்சு தின்கிறவர்தானே?"

"தின்பேன். நீ நண்டுக் குஞ்சு தின்கிறவள்தானே?"

"...தின்றிருக்கிறேன்."

"அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே விரதம். மழை வரும்வரை."

அன்றிலிருந்து ஐந்து நாள் வேலை நடந்தது. தங்காயியின் வால் புண்ணானது. பயம் மட்டும் போகவில்லை. ஆனால் உச்சிவெயில் நேரத்தில் நடுக்கம் வரும்போது, வளையம்மா ஓர் உருண்டை மண்ணை அவள் மூக்கில் வைத்துத் தேய்ப்பாள். நேற்றைவிட ஈரம்! அடுத்த அடிக்கு அது போதுமானதாக இருந்தது. ஐந்தாம் நாள் வளையின் அடியில் தண்ணீர் கசிந்து, ஒரு சிறு பானை அளவுக்குத் தேங்கியது.

வெளியே குளத்தில் ஒரு சாண் ஆழமே மிஞ்சியிருந்தது. தங்காயி மீதமிருந்த நாற்பது குஞ்சுகளை வளைக்குள் ஓட்டினாள். வாசலை அடைப்பதற்கு முன் வளையம்மா கல்லைப் பார்த்துக் கத்தினாள்.

"தலைவரே! இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. ஓடி வாருங்கள்!"

முகில்வாணர் திரும்பிப் பார்த்தார். அவர் கல்லின் விளிம்புவரை வந்ததைத் தங்காயி கண்டாள். தவளைக்கு மண்ணுக்குள் புதைந்துகொள்ளத் தெரியும். அதற்கு நண்டின் உதவிகூடத் தேவையில்லை. ஆனால் தலைவர் புதைந்தால் கேட்டுக்கொண்டிருக்கிற கெண்டைகள் என்ன நினைக்கும்?

"நான் வந்தால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும்" என்றார் அவர், மிக மெல்லிய குரலில்.

வளையம்மா வாசலை மண்ணால் அடைத்தாள். உள்ளே இருட்டு. மேலே நடப்பது காதில் மட்டும் விழுந்தது.

"விருந்தினர்களே!" என்று முகில்வாணரின் குரல் கேட்டது. "உங்கள் வருகை எங்கள் குளத்துக்கு..."

"பேச்சு பிரமாதம், தலைவரே. நிறுத்தாதீர்கள்" என்றது ஒரு கொக்கு, மிக அருகில்.

"உங்கள் வருகை எங்கள் குளத்துக்கு ஒரு..."

பேச்சு அங்கே நின்றது. பிறகு சிறகுகள் அடிக்கும் சத்தம். பிறகு கெண்டைகள் துள்ளும் சத்தம். சிறிது நேரத்தில் அதுவும் நின்றது.

வளைக்குள் யாரும் அசையவில்லை. பல நாள் கழிந்தது. பசி வந்தது. நண்டுக் குஞ்சுகள் வழி தெரியாமல் தங்காயியின் உதட்டின்மேல் ஊர்ந்தன. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். விரால் குஞ்சுகள் வளையம்மாவின் கொடுக்கை உரசிப் போயின. அவள் கொடுக்கை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வாசலில் சத்தம் கேட்டது. தட். தட். அலகு!

"உள்ளே யார்? தங்காயியா?" என்றது ஓர் இனிய குரல். "ஒரு நல்ல செய்தி! மழை வந்துவிட்டது! குளம் நிரம்பிவிட்டது! இன்னும் ஏனம்மா இருட்டில் கிடக்கிறாய்?"

"அம்மா, மழையாம்!" என்று குஞ்சுகள் துள்ளின.

தங்காயி வாசலை நோக்கி எழும்பினாள். எத்தனை நாளாயிற்று நல்வாக்குக் கேட்டு! இது உண்மையாக இருக்கக் கூடாதா? அவள் தலை அடைப்பில் மோதப் போனது.

"நில்!" என்று கிசுகிசுத்தாள் வளையம்மா. "அவன் சொல்வது இருக்கட்டும். மேல்மண்ணை மூக்கால் தொட்டுப் பார். என்ன செய்கிறது?"

தங்காயி தொட்டாள். கண்ணில் தூசி விழுந்தது.

"உதிர்கிறது, அக்கா."

"அப்படியென்றால்?"

"மழை இல்லை."

அவள் குஞ்சுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கினாள். அலகு அன்று முழுக்க வாசலைக் குத்தியது. ஒருமுறை அடைப்பைத் துளைத்து உள்ளே வந்தது. வளையம்மா தன் உடம்பாலேயே துளையை அடைத்தாள். அவளுடைய ஒரு கால் அலகோடு போய்விட்டது. மீதிக் கால்களால் மண்ணை அள்ளி மறுபடி அடைத்தாள்.

அதன்பிறகு நீண்ட அமைதி.

பிறகு ஒருநாள் திடீரென்று தட் தட் தட் தட் என்று ஓராயிரம் அலகுகள் ஒரேயடியாகக் குத்துவதுபோல் சத்தம்! வளையே அதிர்ந்தது. குஞ்சுகள் தாய்களுக்கு அடியில் பதுங்கின. இந்த முறை மேலே இருந்து எந்தக் குரலும் நல்ல செய்தி சொல்லவில்லை.

"முடிந்தது, தங்காயி" என்றாள் வளையம்மா. அவளுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. "இத்தனை கொக்குகளுக்கு இந்த அடைப்பு தாங்காது."

தங்காயி நடுங்கிக்கொண்டே மேலே போனாள். கண்ணை மூடிக்கொண்டு மேல்மண்ணை மூக்கால் தொட்டாள். மீண்டும் தொட்டாள்.

"அக்கா" என்றாள். "ஒட்டுகிறது."

அடைப்பு தானாகவே கரைந்து விழுந்தது. புதுத்தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

ஒரு வாரம் கழித்து ஓட்டப்பர் ஆற்றிலிருந்து திரும்பினார். குளம் நிறைந்து கிடந்தது. கல் ஆழத்தில் மூழ்கியிருந்தது.

"நான் சொல்லவில்லையா?" என்றார் அவர், கழுத்தை நீட்டி. "எட்டுக் கோடை அல்ல, இப்போது ஒன்பது! இந்தக் குளம் வற்றி நான் பார்த்ததில்லை! சரி, முகில்வாணர் எங்கே? கெண்டைகள் எங்கே? நல்வாக்குக்கு நேரமாகிறதே!"

தங்காயியின் தலைக்கு மேல், பசிக்குத் தப்பிய முப்பத்தொரு குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. நொண்டிக்கொண்டு வந்த வளையம்மா அவளருகில் நின்றாள்.

"இனிமேல் கூட்டம் வளை வாசலில்தான், பெரியப்பா" என்றாள் தங்காயி. "வருகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பயமாக இருக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் வரும்போது ஒரு வாய் மண் தோண்டிக்கொண்டு வர வேண்டும்."

நம்பிக்கை என்பது, பயந்துகொண்டேயானாலும் தன் வேலையைச் செய்கிறவரின் கையில்தான் ஒட்டும்.